ஒரு பசு அல்லது இரண்டு வெள்ளாடு

1758ஆம் ஆண்டுக் கோடையில் காரைக்காலுக்கு ஒரு வசூல்காரர் வந்தார். பெயர் லாலி. இந்தியாவில் இருந்த பிரெஞ்சுப் படைகளுக்கெல்லாம் தலைவர். கடலூருக்கு அருகே ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்த சூடு ஆறாமல் தெற்கே இறங்கியவர். அவரிடம் ஒரு பழைய கடன்பத்திரம் இருந்தது. தஞ்சை மன்னர் பிரதாபசிங் 1749இல் பிரெஞ்சுக்காரரின் கூட்டாளியான சந்தா சாகிப்புக்கு எழுதிக் கொடுத்து, பின்னர் பிரெஞ்சுக்காரர் கைக்கு மாறிய பத்திரம் அது. தொகை 56 லட்சம் ரூபாய். புதுச்சேரிக் கஜானா காலி. சிப்பாய்களுக்குச் சம்பளம் இல்லை. சென்னையைப் பிடிக்கப் பணம் வேண்டும். ஒன்பது வருஷத்துப் பாக்கியைப் பீரங்கியோடு போய்க் கேட்பது என்று முடிவாயிற்று.

அந்த வசூலில் சட்டம் என்று எதுவும் இல்லை. நாகூரைக் கொள்ளையடிக்கும் உரிமையையே ஒரு குதிரைப்படை அதிகாரிக்குக் குத்தகை விட்டார் என்று கம்பெனிக் காலத்து வரலாறுகள் சொல்கின்றன. கீழ்வேளூர்க் கோயிலில் புதையலைத் தேடிக் குளத்தைக் கலக்கினார்கள். தங்கம் என்று எடுத்துப்போன விக்கிரகங்கள் பித்தளையாக இருந்தன. உளவு பார்த்தார்கள் என்று ஆறு பிராமணர்களைப் பீரங்கி வாயில் வைத்துச் சுட்டார்கள். தஞ்சைக் கோட்டையை வளைத்துக்கொண்டிருக்கும்போதே வெடிமருந்தும் சோறும் தீர்ந்தன. ஆகஸ்ட் 3ஆம் தேதி நாகப்பட்டினத்துக்கு எதிரே கடலில் பிரெஞ்சுக் கப்பற்படை அடிவாங்கிய செய்தி வந்தது. ஒரு வாரத்தில் முற்றுகை கலைந்தது. வந்த வழியே காரைக்காலுக்குத் திரும்பியபோது, 56 லட்சத்தில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் வசூலாகியிருக்கவில்லை.

பாக்கி வசூலின் சரித்திரத்தைப் படிக்கக் காரைக்காலைவிட வசதியான ஊர் கிடைப்பது கடினம். சுமார் 160 சதுர கிலோமீட்டர். கிழக்கே கடல், மற்ற பக்கமெல்லாம் பழைய தஞ்சாவூர் ஜில்லா. இந்தச் சின்ன நிலத்தில் சோழர் ஆணை, மராட்டிய மன்னரின் குத்தகை, நெப்போலியன் காலத்துச் சட்டநூல், பிறகு இந்தியச் சட்டம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்து படிந்திருக்கின்றன. கொடுக்காதவனிடமிருந்து எதை எடுக்கலாம் என்பதை எல்லா அரசுகளும் எழுதி வைத்தன. ஆனால் எதை எடுக்கக் கூடாது என்று அவை எழுதிய பட்டியல்தான் படிக்கச் சுவையானது. ஜப்தியின் வரலாறு பெருமளவுக்கு அந்தப் பட்டியல் நீண்ட வரலாறு.

காரைக்கால் பிரெஞ்சுக்காரருக்குக் கிடைத்த கதையிலேயே ஒரு பாக்கி இருக்கிறது. தஞ்சை அரியணைச் சண்டையில் துரத்தப்பட்ட சாகுஜி, பணமும் ஆயுதமும் தந்தால் காரைக்காலைத் தருவதாக 1738இல் புதுச்சேரி கவர்னர் துய்மாவிடம் ஒப்புக்கொண்டார். அரியணை திரும்பக் கிடைத்ததும் வாக்கு மறந்துபோயிற்று. சந்தா சாகிப் தம் ஆட்களை அனுப்பி ஊரைப் பிடித்து, பிரெஞ்சுக்காரரிடம் ஒப்படைத்தார். 1739 பிப்ரவரி 14ஆம் தேதி அங்கே பிரெஞ்சுக் கொடி ஏறியது. அடுத்த பத்தாண்டுகளில் பிரதாபசிங்கிடமிருந்து மேலும் ஊர்கள் சேர்ந்தன; 1750இல் மட்டும் 81 ஊர்கள். தொடக்கத்தில் ஊர்களைப் பிரெஞ்சுக்காரர் எடுத்துக்கொண்டாலும் ஆண்டுக் குத்தகை ராஜாவுக்குச் சேர வேண்டியிருந்தது. அதனால் யார் யாருக்குப் பாக்கி என்பது அந்தக் காலத்தில் யாரிடம் படை பெரியது என்பதைப் பொறுத்து மாறிக்கொண்டே இருந்தது.

இதற்கெல்லாம் எழுநூற்றைம்பது ஆண்டு முன்னால், இதே மண்ணுக்கும் பொருந்தும்படி ஓர் ஆணை பிறந்திருக்கிறது. காஞ்சிபுரத்துக்குத் தெற்கே உக்கல் என்ற ஊரின் கோயில் சுவரில் அதைக் காணலாம். முதலாம் இராஜராஜனின் 24ஆம் ஆட்சியாண்டு, அதாவது கி.பி. 1009ஐ ஒட்டியது. சோழமண்டலம், தொண்டைமண்டலம், பாண்டிமண்டலம் ஆகியவற்றின் பிராமண ஊர்கள், வைகானச ஊர்கள், சமண ஊர்கள் ஆகியவற்றில் 16ஆம் ஆண்டு முதல் 23ஆம் ஆண்டு வரையிலான காலத்தில் இரண்டு முழு ஆண்டுகள் வரி கட்டாத காணியாளரின் நிலத்தை ஊரே எடுத்து விற்றுக்கொள்ளலாம் என்பது ஆணை. பாக்கி வைத்தவர்கள் வாங்கக் கூடாது, மற்றவர்களுக்கே விற்க வேண்டும். கொடுக்காதவன் தன் நிலத்தைத் தானே குறைந்த விலைக்கு எடுத்துப் பாக்கியைக் கழித்துக்கொள்வதை இந்த ஒரு விதி தடுத்துவிடுகிறது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய கணக்கர் ஒருவருக்கு ஏலத்தில் நடக்கும் எல்லாத் தில்லுமுல்லும் தெரிந்திருக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்கலாம். ஜப்தி செய்தது அரசனின் சேவகன் இல்லை, ஊர்ச்சபை. அரசனுக்கு மொத்தத் தொகையைக் கட்டவேண்டிய பொறுப்பு சபையின் தலையில் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரன் கட்டாவிட்டால் தான் கட்ட நேரிடும் என்பதால், கட்டாதவனை விடாமல் துரத்தும் ஆர்வம் ஊருக்கே இருந்தது.

காரைக்காலை ஆங்கிலேயர் பலமுறை பிடித்தார்கள், பலமுறை திருப்பிக் கொடுத்தார்கள். கடைசியாகத் திரும்பக் கிடைத்தது 1817 ஜனவரியில். ஈராண்டுக்குள், 1819 ஜனவரி 6ஆம் தேதியிட்ட ஆணையின் வழியே பிரான்சின் சட்டநூல்கள் பிரெஞ்சிந்தியாவில் நடைமுறைக்கு வந்தன. கல்யாணம், வாரிசுரிமை போன்றவற்றில் இந்தியருக்கு அவரவர் சாதி வழக்கம். கடன், ஜப்தி, ஏலம் என்று வந்தால் 1806ஆம் ஆண்டின் பிரெஞ்சு சிவில் நடைமுறைச் சட்டம்.

பாரிஸில் உட்கார்ந்து எழுதியவர்களின் மனத்தில் இருந்தது நார்மண்டி விவசாயி. அது காவிரிக் கடைமடையில் வந்து விழுந்தது. கடன்காரனுக்கும் அவனோடு இருக்கும் பிள்ளைகளுக்கும் தேவையான படுக்கையைத் தொடக் கூடாது. உடுத்தியிருக்கும் துணியைத் தொடக் கூடாது. கைவினைஞனின் கருவி, அவன் தொழிலுக்கான 300 பிராங்க் வரையிலான புத்தகங்கள், வீட்டுக்கு ஒரு மாதம் ஆகும் மாவும் தானியமும் ஜப்திக்கு அப்பாற்பட்டவை. கடைசி வரி இன்னும் ருசியானது: ஒரு பசு, அல்லது மூன்று செம்மறியாடு, அல்லது இரண்டு வெள்ளாடு. எது வேண்டும் என்று தேர்ந்தெடுப்பவன் பாக்கிக்காரன். அந்த மாட்டுக்கோ ஆட்டுக்கோ ஒரு மாதத் தீவனமும் கூடவே விட்டுவிட வேண்டும். திருநள்ளாற்றுப் பக்கம் ஒரு விவசாயி எதைத் தேர்ந்தெடுத்திருப்பார் என்று சந்தேகப்பட வேண்டியதில்லை. பசு ஒரு நாளைக்குப் பால், ஒரு வருஷத்துக்குக் கன்று. ஆனால் பசு இல்லாதவன் நிலைமை வேறு. அவனிடம் இரண்டு வெள்ளாட்டை விட்டுவைக்கச் சொன்ன சட்டம், அவனைத்தான் நன்றாக அறிந்து வைத்திருந்தது.

நேரத்துக்கும் வரம்பு உண்டு. குளிர்காலத்தில் காலை 6 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் ஜப்திக்கு வாசல் ஏறக் கூடாது. கோடையில் 4 மணிக்கு முன்னும் இரவு 9 மணிக்குப் பின்னும். பிரான்சில் கோடைச் சூரியன் இரவு ஒன்பது வரை நிற்கும். காரைக்காலில் ஆறரைக்கே விளக்கு வைத்துவிடுவார்கள். சட்டத்துக்கு அது தெரியாது.

வீடும் நிலமும் ஏலத்துக்கு வந்தால் நடைமுறை இன்னும் நாடகம். நீதிமன்றத்தில் ஏலம் தொடங்கியதும், சுமார் ஒரு நிமிஷம் எரியும்படி செய்த சிறிய மெழுகுவத்திகளை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்ற வேண்டும். யாராவது விலையைக் கூட்டினால் கணக்கு முதலிலிருந்து. கூட்டுவார் இல்லாமல் மூன்று வத்தி அடுத்தடுத்து அணைந்தால்தான் சொத்து கைமாறும். நம் ஊரில் ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம் என்று கூவுவதன் வேலையை அங்கே நெருப்பு செய்தது. கூவுகிறவர் வேண்டியவருக்காக அவசரப்படலாம், வேண்டாதவருக்காக இழுக்கலாம். மெழுகுக்கு உறவு கிடையாது.

1854 ஜனவரி 16ஆம் தேதியிட்ட ஆணையோடு ஆட்டம் பெரிதாயிற்று. நிலவரி கட்டிக்கொண்டு நிலத்தை அனுபவித்து வந்தவர்களே அதன் முழு உரிமையாளர்கள் என்று பிரெஞ்சு அரசு அறிவித்தது. அதுவரை நிலத்தின் மேல் அரசுக்கு ஒரு பிடி, உழுபவனுக்கு ஒரு பிடி. இப்போது பட்டா அவன் பேரில். விற்கலாம், அடமானம் வைக்கலாம். அதனாலேயே, கட்டாவிட்டால் அரசும் அதை ஏலத்தில் போடலாம். முழு உரிமை வந்த அன்றே முழுதாக இழக்கும் வாய்ப்பும் வந்து சேர்ந்தது என்பதை அந்த ஆணையைப் புகழ்பவர்கள் அதிகம் சொல்வதில்லை.

எல்லை வரப்பைத் தாண்டினால் அதே ஆண்டில் நிலைமை வேறு. கிஸ்தி கட்டாத குடியானவனை வெயிலில் நிறுத்துவது, தலையைக் காலோடு சேர்த்துக் கட்டும் அண்ணாந்தாள், விரல்களை மரக்கட்டைக்குள் நசுக்கும் கிட்டி ஆகியவை சென்னை மாகாணத்து வருவாய்ச் சிப்பந்திகளின் வழக்கமான ஆயுதங்கள். லண்டன் நாடாளுமன்றத்தில் பேச்சு எழுந்த பிறகு நியமிக்கப்பட்ட சித்திரவதை விசாரணைக் கமிஷன் 1855இல் இதை அறிக்கையாகவே எழுதியது. அதைப் படித்துக் கார்ல் மார்க்ஸ் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் கட்டுரை எழுதினார். வரிக்காகக் குடியானவனின் உடம்பைப் பிடித்து வைப்பதை நிறுத்திவிட்டு, அவன் சொத்தைப் பிடிக்கும் முறையை ஒழுங்காக எழுதும் வேலை அதற்குப் பிறகுதான் சூடுபிடித்தது.

அதன் விளைவு 1864ஆம் ஆண்டின் சென்னை வருவாய் வசூல் சட்டம். இன்றும் தமிழ்நாட்டில் உயிரோடிருக்கும் சட்டம் இது. முதலில் கேட்பு நோட்டீஸ், பிறகு அசையும் பொருள், பிறகு நிலம். நிலம் ஏலத்துக்கு வருவதைத் தமுக்கடித்து ஊரில் சொல்ல வேண்டும். ஏலத் தேதிக்கு முந்தைய நாள் சூரியன் மறையும் முன் பாக்கியைக் கட்டிவிட்டால் ஏலம் நின்றுபோகும். ஏலம் எடுத்தவர் அங்கேயே 15 சதவீதம் வைக்க வேண்டும். மீதியை 30 நாளில். ஏலம் முடிந்த பிறகும் பாக்கிக்காரனுக்கு ஒரு மாதம் வாசல் திறந்திருக்கிறது. பாக்கியோடு வாங்கியவருக்கு 5 சதவீதம் சேர்த்துக் கட்டினால் நிலம் திரும்பும். பாக்கிபோக மிஞ்சும் ஏலப் பணம் உரியவருக்கே. சிறை முற்றிலும் போய்விடவில்லை. வேண்டுமென்றே கட்டாதவனை உள்ளே வைக்கலாம். ஆனால் 50 ரூபாய்க்குள் பாக்கி என்றால் மூன்று மாதம், 500க்குள் என்றால் ஆறு மாதம், அதற்கு மேல் எவ்வளவானாலும் இரண்டு ஆண்டு. உள்ளே இருந்து வந்தாலும் பாக்கி பாக்கிதான்.

சென்னை சர்க்காரின் இந்த வாரண்டு காரைக்கால் எல்லையில் செல்லாக் காகிதம். பிரெஞ்சு ஜப்தி ஆணை நாகூர்ப் பக்கம் அதே கதி. வீடு ஒரு கொடியின் கீழ், வயல் இன்னொரு கொடியின் கீழ் என்றிருந்தவர்களுக்கு இந்தப் புவியியல் எவ்வளவு உதவியது என்பதை வாசகர் கற்பனைக்கு விடலாம்.

இதுவரை பேசியது நிலவரி. வீட்டு வரி, ஊராட்சி வரி என்ற இன்னொரு பிராணி நகராட்சிகளோடு பிறந்தது. நாகப்பட்டினத்துக்கு 1866இல் நகராட்சி வந்தது. தஞ்சாவூர், கும்பகோணத்துக்கும் அதே ஆண்டு. பிரெஞ்சிந்தியாவில் 1880 மார்ச் 12ஆம் தேதி ஆணைப்படி பத்துக் கொம்யூன்கள் (பிரெஞ்சு நகராட்சிகள்) அமைந்தன. காரைக்கால் பகுதிக்கு மூன்று: காரைக்கால், நெடுங்காடு, பிரெஞ்சுக்காரர் கிராந்தால்தே என்று எழுதிய திருமலைராயன்பட்டினம். 1907இல் மூன்று ஆறாயிற்று; கோட்டுச்சேரி, திருநள்ளாறு, நிரவி சேர்ந்தன. மேர் என்ற தலைவரும் உறுப்பினர்களும் தேர்தலில் வந்தார்கள். வாக்காளர் பட்டியல் மட்டும் இனவாரியாகத் தனித்தனி. வரி போடுகிறவனைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, குறையோடு என்றாலும், ஊருக்குக் கிடைத்தது.

எல்லைக்கு அப்பால் 1920ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம், வீட்டு வரி ஜப்திக்கு ஒரு முழு அட்டவணையே ஒதுக்கியது. பில் கொடுத்து 15 நாள் பொறுக்க வேண்டும். பிறகு கையொப்பமிட்ட வாரண்டு. சூரிய உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் நடுவே மட்டும் நுழையலாம். பெண்கள் இருக்கும் அறையென்றால் மூன்று மணி நேரம் முன்பே சொல்லி, அவர்கள் வெளியேற இடம் கொடுக்க வேண்டும். எடுத்த சாமானுக்குப் பட்டியல் எழுதி நகல் தர வேண்டும். துணிமணி, படுக்கை, சமையல் பாத்திரம், சாப்பிடும் தட்டு, தொழிற்கருவி, ஏர், விதைநெல், உழவு மாடு ஆகியவற்றில் கை வைக்கக் கூடாது. அழுகும் பொருளென்றால் உடனே விற்கலாம், மற்றவற்றுக்கு ஏழு நாள் பொறுக்க வேண்டும். இத்தனையும் கழித்துவிட்டுப் பார்த்தால் அந்தக் காலத்து நடுத்தர வீட்டில் பில் கலெக்டருக்கு மிஞ்சியது மேசை, நாற்காலி, சுவர்க் கடிகாரம், வாசலில் நிற்கும் சைக்கிள். வீட்டு வரிக்குச் சைக்கிளைத் தூக்கிப்போன கதைகள் தமிழ்நாட்டு நகரங்களில் பழையவர்களிடம் இன்றும் கிடைக்கும்.

இங்கே தமுக்கைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஜப்தியின் மானபங்கம் சாமானை எடுப்பதில் பாதி, தெருவில் அறிவிப்பதில் பாதி. அந்த அறிவிப்பை யார் செய்தார்கள்? பெரும்பாலும் தலித் மக்கள். சாதிக் கடமையாகச் சுமத்தப்பட்ட வேலை அது. சொத்துள்ளவனின் மானத்தை வாங்க, சொத்தில்லாதவனின் கையில் பறையைக் கொடுத்த ஏற்பாடு. சட்டப் புத்தகத்தில் தமுக்கு மட்டும் இருக்கிறது, அடிக்கிறவன் இல்லை. 2022 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, தண்டோராவை நிறுத்திவிட்டு வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கும்படி ஆட்சியர்களுக்கு எழுதினார். நூற்றாண்டுகளாக நடந்துவந்த வழக்கத்துக்கு ஒரு கடிதம் போதுமாயிருந்தது.

1954 அக்டோபர் 18. கீழூரில் சட்டமன்ற உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களுமாக 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். காரைக்கால் கொம்யூன்களின் பிரதிநிதிகளும் அதில் உண்டு. நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது; சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16. பிரெஞ்சுச் சட்டங்கள் உடனே போய்விடவில்லை. 1968இல் இந்தியச் சட்டங்கள் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டபோதுதான் பழைய நடைமுறைச் சட்டத்தோடு மெழுகுவத்தியும் விடைபெற்றது. செம்மறியா வெள்ளாடா என்ற தேர்வும் போயிற்று. பதிலுக்கு 1908ஆம் ஆண்டு இந்திய சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு வந்தது. சமய வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகையை ஜப்தி செய்யக் கூடாது என்கிறது அது. தாலி பட்டியலில் ஏறிய இடம் அதுதான். அடுத்து 1970இல் புதுச்சேரிக்கென்று தனி வருவாய் வசூல் சட்டம், 1973இல் நகராட்சிகள் சட்டம்.

கருவிகள் எல்லாம் தயார். தேர்தல் மட்டும் காணாமல் போயிற்று. 1968இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலுக்கு அடுத்த தேர்தல் 2006இல். நடுவே 38 ஆண்டுகள். 2011இல் அந்த உறுப்பினர்களின் காலம் முடிந்தது. 2021இல் அறிவிக்கப்பட்ட தேர்தலும் நடக்கவில்லை. இந்தியாவோடு சேரலாமா என்று முடிவெடுத்த அதே அவைகள், சேர்ந்த பிறகு பெரும்பாலும் பூட்டியே கிடந்தன. ஆக இன்று காரைக்காலில் கேட்பு நோட்டீஸ் அனுப்புவது ஆணையர். அதைக் குறைக்கச் சொல்லி வார்டு உறுப்பினரிடம் போகலாம் என்றால் வார்டு உறுப்பினர் இல்லை. வரியைத் தட்டிக்கழிப்பவர்களுக்கு இது நல்ல சாக்கு என்பார்கள் அதிகாரிகள். இருக்கலாம். ஆனால் தேர்ந்தெடுத்த உறுப்பினரே இல்லாமல் வரி எதற்கு என்று குடிமக்கள் கேட்கும் கேள்வியில் நியாயமே இல்லை என்று 1880ஆம் ஆண்டுப் பிரெஞ்சுக்காரர்கூடச் சொல்லியிருக்க மாட்டார்.

உண்மையில் ஏலம்வரை போகும் வீட்டு வரி எங்கும் அபூர்வம். நகராட்சிகள் நம்புவது அதற்கு முந்தைய படிகளை: மார்ச் மாதத்து ஒலிபெருக்கி ஆட்டோ, கடைக்குச் சீல், குடிநீர் இணைப்புத் துண்டிப்பு. காரைக்காலின் தூரத்துச் சகோதரியான ஏனாமுக்குப் பக்கத்தில், ராஜமுந்திரி மாநகராட்சி 2005இல் பாக்கிக்காரர்களின் வாசலில் மேளக்காரர்களை நிறுத்தி அடிக்கவிட்டது. அடுத்த ஆண்டு பாட்னா மாநகராட்சி திருநங்கைகளைக் கடைகளின் முன் பாடவைத்தது. இரண்டிலும் பணம் வந்தது. இரண்டிலும் மானத்தை வாங்கும் வேலைக்கு ஊரின் விளிம்பில் இருப்பவர்களே மறுபடி அழைக்கப்பட்டார்கள்.

ஏலம்வரை போகும் ஊர்களும் உலகில் உண்டு. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஹென்னப்பின் கவுண்டி, சுமார் 15,000 டாலர் வரி பாக்கிக்காக ஜெரால்டின் டைலர் என்ற மூதாட்டியின் வீட்டை எடுத்து 40,000 டாலருக்கு விற்றது. மிஞ்சிய 25,000 டாலரையும் தானே வைத்துக்கொண்டது. 2023 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அது தவறு என்றது. அந்த அம்மாளுக்கு அப்போது வயது 94. மிச்சத்தை உரியவருக்கே கொடுக்க வேண்டும் என்பதை 1864இலேயே எழுதிவைத்த சென்னை மாகாணம் இந்த ஒரு விஷயத்தில் முந்திக்கொண்டது.

காரைக்காலில் இன்றைய சிக்கல் வேறு மாதிரியானது. சைகோனுக்கும் ரீயூனியனுக்கும் மலேயாவுக்கும் பிரான்சுக்கும் ஆட்களை அனுப்பிப் பழகிய ஊர் இது. பல வீடுகளின் பட்டா தாத்தா பேரில் இருக்கிறது. வாரிசுகள் மூன்று கண்டங்களில். பாரிஸில் இருப்பவர் கட்டினால் சிங்கப்பூரில் இருப்பவர் பங்கு தருவாரா என்ற பேச்சு முடியாமல் வீடு பூட்டிக் கிடக்கிறது. கேட்பு நோட்டீஸைக் கதவில் ஒட்டலாம். ஜப்தி செய்ய உள்ளே பழைய நாற்காலி இருக்கலாம். வீட்டையே ஏலத்தில் போடலாம் என்றால், எத்தனை வாரிசுகளுக்கு எந்த முகவரியில் நோட்டீஸ் சார்வு செய்வது என்ற இடத்தில் கோப்பு நிற்கும். ஒருநாள் அந்த வீட்டை விற்கவோ பங்கு பிரிக்கவோ யாராவது ஊருக்கு வருவார்கள். அப்போது வரி ரசீது இல்லாமல் பத்திரவேலை நகராது. நகராட்சி அந்த நாளுக்காகக் காத்திருக்கிறது; பாக்கியும் வீட்டோடு சேர்ந்து நிற்கிறது.